ஐந்து மடிப்பு வைத்த கவுன்

ஜனவரி 11

நாத்தனாருக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். உன் அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். பஸ் ஓட்டுகிறார், வந்து குறட்டை விடுகிறார். உங்கள் அம்மா இறந்த வீட்டில், இனி உன்னோடு எனக்குப் பேச்சே கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். இரண்டு வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வருகிறேன். ஆனால் பேச்சு கிடையாது என்றுதான் சொன்னேன், எழுத்து கிடையாது என்று சொல்லவில்லை.

நீ அன்றைக்கு என்ன கேட்டாய் என்பது உனக்கு மறந்திருக்கும். "அளவெடுக்கிற கைதானே அண்ணி, அம்மா இளைச்சுப்போனது உங்க கைக்குத் தெரியலையா? மூணு தடவை அவங்க கவுனைப் பிடிச்சுத் தைச்சீங்களே, ஏன்னு ஒரு தடவைகூடக் கேக்கத் தோணலையா?" என்றாய். கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "வயசானா வத்தித்தான் போகும், நீ ஊசியைப் பாரு" என்றார் உன் அம்மா. மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் அப்படிச் சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. அது கிடக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கே ஒரு சட்டை தைக்கலாம் என்று அளவு பார்த்தபோது நாடா இடது பக்கம் சரியாக உட்காரவில்லை. கையை வைத்துப் பார்த்தால் உள்ளே பொத்தான் மாதிரி ஒன்று, அசையாமல் இருந்தது. வலி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது.

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சினிமாவில் நாய் செத்தாலே மூக்கைச் சிந்துகிற மனுஷன். நீ புற்று ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாய், அதனால் உன்னிடம் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு எலும்பு வரைக்கும் போயிருந்ததே, அது மாதிரி எனக்கும் போயிருக்குமா? ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். யாருக்கோ என்று சொல்லி, என் தையல் கடைக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிடும்" என்று பாதிப் பேர் அடித்துச் சொல்கிறார்கள்.

பதில் எழுது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். அனுதாபமும் வேண்டாம், எனக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அண்ணி


ஜனவரி 15

அண்ணிக்கு,

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், அணைத்தே வைத்துவிட்டீர்கள். உடம்பில் கட்டி வந்தாலும் வீம்பில் ஒரு நூல்கூட இளைக்காது உங்களுக்கு. சரி, எழுதியே தொலைக்கிறேன்.

கத்தி பட்டால் பரவும் என்று சொல்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், ஆனால் என் வாய் ஊர் வாயைவிடப் பெரியது. பயந்து பயந்து நாளைத் தள்ளிவிட்டு, கடைசியில் கத்தியிடம் வருகிறார்கள். அதற்குள் அது பரவியிருக்கும். பழி மட்டும் கத்தி மேல் விழும்.

பரவுவது எப்படி என்றால், நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் இவ்வளவு பெருகு, அப்புறம் நில் என்று ஓர் ஒழுங்கு உண்டு. புற்று செல் அதை மதிக்காது. பெருகிப் பெருகிப் பக்கத்துச் சதைக்குள் காலை நீட்டும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ரகம். அதில் சில கழன்றுபோய், சதைக்கு நடுவே கசிந்து ஓடுகிற நிணநீரில் இறங்கும். மார்பில் ஊறும் நிணநீர் முதலில் போய்ச் சேருவது அக்குளில் இருக்கிற நெறிகளுக்கு, அதாவது சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகளுக்கு. டாக்டர் உங்கள் அக்குளை அழுத்திப் பார்த்திருப்பாரே, அதற்குத்தான். ரத்தத்தில் இறங்கியவை எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகிறதெல்லாம் பிழைப்பதில்லை. பெரும்பாலானவை வழியிலேயே அடிபட்டுச் சாகும். எங்கேயாவது ஒன்று ஒட்டி வேர் பிடித்தால் அதுதான் ஆபத்து. அம்மாவுக்கு எலும்பில் இருந்ததும் எலும்புப் புற்று அல்ல, மார்பிலிருந்து போய் உட்கார்ந்ததுதான். வெளியே தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

உங்களுடையது பொத்தான் அளவில் கையில் சிக்கியிருக்கிறது. இது வேறு கதை அண்ணி. சும்மா தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, தினமும் பார்க்கிறவள் சொல்கிறேன்.

அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தேதிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அம்மா மறைத்துத்தான் போனார். அம்மாவின் கவுனைப் பிடித்துத் தைக்கிற சேதியை எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். எனக்கும் அந்த மனக்குறை இருக்கிறது. அதை இப்போது பேசப் போவதில்லை.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 24

நாத்தனாருக்கு,

பேசப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டே பேசிவிட்டாய். உன் அம்மாவின் சாமர்த்தியம் அப்படியே வந்திருக்கிறது.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் அழவில்லை. "சரி" என்றார். எழுந்து கீழே கடைக்குப் போனார். போனவர் வரவில்லையே என்று இறங்கிப் பார்த்தால், தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து துண்டுத் துணிகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் கடையில் துடைப்பத்தைத் தொட்டதில்லை. "நீ ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றப்போ கடை சுத்தமா இருக்கணும்ல" என்றார். எனக்குத்தான் கண் கலங்கியது. இதை யாரிடமும் சொல்லாதே.

மறுநாளிலிருந்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என் பின்னாலேயே சுற்றுகிறார். டாக்டரிடம் என்னைவிட அதிகம் கேள்வி கேட்கிறார். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டாம், கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். எடுத்த துண்டின் ஓரத்தில் புற்று தொடாமல் இருந்தால்தான் வெட்டு சரியான வெட்டாம். ஓரம் விட்டு வெட்டத் தெரிந்த ஆள் கையில்தான் விழுந்திருக்கிறேன் என்று எனக்கு நிம்மதி.

அண்ணி


பிப்ரவரி 14

நாத்தனாருக்கு,

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இடது கையை மேலே தூக்கத்தான் கொஞ்சம் சிரமம். சுவரில் விரலை ஏணி மாதிரி ஏற்றிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள், பழகுகிறேன்.

நெறியைக் கண்டுபிடிக்க மார்பில் ஏதோ நீலச் சாயம் ஏற்றினார்களாம். சாயம் எந்த நெறிக்கு முதலில் போகிறதோ, புற்றும் அந்த வழியாகத்தான் போயிருக்கும் என்று அதை எடுத்துப் பார்ப்பார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் மறுநாள் பச்சைப் பச்சையாகச் சிறுநீர் போகும் என்று உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

இப்போது ரிப்போர்ட். வெட்டின ஓரமெல்லாம் சுத்தம். நீலமான முதல் நெறியில் கொஞ்சம் புற்று இருந்தது. அடுத்தடுத்து எடுத்ததில் இல்லை. எலும்பு, நுரையீரல், கல்லீரல் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், எங்கேயும் எதுவும் இல்லை. ஒரு நெறியில் இருந்தது என்றால் என்ன அர்த்தம்? வாசல் தாண்டிவிட்டதா? மழுப்பாமல் எழுது.

இன்னொன்று. படுத்திருந்தபோது யோசித்தேன். உன் அம்மாவுக்கு நான் மருமகள்தான், அவர் ரத்தம் என்னிடம் ஓடவில்லை. உன்னிடம் ஓடுகிறது. நீ பரிசோதித்துப் பார்த்துக்கொண்டாயா?

அண்ணி


பிப்ரவரி 18

அண்ணிக்கு,

மழுப்பாமல் எழுதுகிறேன். வாசலைத் தாண்டி முதல் அறை வரை வந்திருக்கிறது. அங்கேயே பிடித்து வெளியே எடுத்தாயிற்று. ஆனால் ஒன்று இரண்டு நம் கண்ணில் படாமல் உள்ளே நழுவியிருக்கலாம். ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு அது வளர்ந்திருக்காது. அதற்குத்தான் மிச்ச வைத்தியம்.

முதலில் கீமோ. அந்த மருந்து ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போய், வேகமாகப் பெருகுகிற செல்லைத் தேடிக் கொல்லும். முடி, வாய்க்குள் இருக்கிற தோல், குடல் இவையும் வேகமாக வளர்கிறவை, அதனால் அவையும் அடிபடும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், வாந்தி வரும். எல்லாம் பிறகு சரியாகிவிடும், முடியும் திரும்ப முளைக்கும். காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்த நேரத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. அது முடிந்ததும் மார்புக்கு மட்டும் கதிர். அப்புறம் மாத்திரை. உங்கள் புற்று ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை என்று ரிப்போர்ட் சொல்கிறது. தினமும் ஒரு மாத்திரை அந்தத் தீனியை எட்டவிடாது. ஐந்து வருஷம் போட வேண்டும்.

நான் வரட்டுமா? குட்டியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வருவேன்.

உங்கள் நாத்தனார்

பி.கு. என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை அதிகம், நேரம் கிடைக்கவில்லை.


ஏப்ரல் 20

நாத்தனாருக்கு,

வர வேண்டாம். வந்தால் பேச வேண்டியிருக்கும். உன் அண்ணன் ஒருத்தர் படுத்துகிற பாடே போதும், கஞ்சியில் உப்பு சரியா என்று நாலு தடவை ருசி பார்த்துவிட்டு மிச்சத்தைத்தான் எனக்குக் கொடுக்கிறார்.

முடி கொட்டிவிட்டது. தலைக்கு வந்தது முடியோடு போயிற்று என்று வைத்துக்கொண்டேன். மிச்சமிருந்த துணியில் தொப்பி ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தால், ஒருத்தி வந்து அதே மாதிரி தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். இது மருந்தின் வேலையம்மா என்று சொன்ன பிறகும், "அதனால என்ன, நல்லாத்தானே இருக்கு" என்றாள். தைத்துக் கொடுத்தேன்.

மருந்து ஏற்றின மூன்று நாளைக்கு நான் மனுஷி இல்லை. வாயில் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் அடிக்கத் தோன்றும். நாலாம் நாள் மெதுவாக எழுந்து ஊசியில் நூல் கோப்பேன். ஒரே முயற்சியில் நூல் நுழைந்தால் அன்றைக்கு நல்ல நாள். நான் இதைத் தாண்டிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அழுதாலும் பிள்ளை அவளே பெற வேண்டும் என்பார்களே, அதனால் அழுது நேரத்தை வீணாக்கவில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ வேலை செய்கிற கட்டடத்திலேயே அந்தப் பரிசோதனை செய்கிறார்கள், ஒரு மாடி இறங்கினால் போதும். யாரிடம் கதை விடுகிறாய்?

குட்டியின் அளவை எடுத்து அனுப்பு. தோள், மார்பு, கழுத்திலிருந்து முழங்கால் வரை. நாடாவை இழுத்துப் பிடிக்காதே.

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

அளவை இதோடு வைத்திருக்கிறேன். குட்டி நிற்கவே இல்லை, நாலு தடவை எடுத்தேன், நாலும் வேறு வேறு. நடுவில் உள்ளதை எழுதியிருக்கிறேன். "அத்தைக்கு எதுக்கு என் கழுத்து?" என்று கேட்கிறாள்.

மற்றதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 8

நாத்தனாருக்கு,

நான் கதிருக்குப் போகப் போவதில்லை. நீ அங்கே குதிப்பாய் என்று தெரியும். குதி.

கீமோ முடிந்து இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, போன வாரம் வரச் சொன்னார்கள். மெஷின் அறையில் ஒரு பெண், உன் வயசு, உன் வாய். என்னைப் படுக்க வைத்து, ஸ்கேன் பார்த்து, மார்பிலும் விலாவிலும் ஊதா மையால் கோடு கோடாகப் போட்டாள். ஏதேதோ சொன்னாள். எனக்கு அந்தக் கோடுகள் மேலேயே கண். இவள் கை நடுங்காமல் நேராகப் போடுகிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

முதல் கதிர் திங்கட்கிழமை. புறப்படுகிற அன்றைக்குக் குளிக்கும்போது அத்தனை கோட்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. வெட்டுவதற்குப் போட்ட சுண்ணக் குறி தெரிகிற மாதிரி துணியைக் கொடுக்கிறவள் தையல்காரியே இல்லை. தைத்து முடித்ததும் குறியைத் தட்டிவிடுவது என் கைக்கு ஊறிப்போன பழக்கம். கையே வேலையை முடித்துவிட்டது. சுத்தமாகப் போய்ப் படுத்தால், அந்தப் பெண் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தண்ணி படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று போட்ட சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு, மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமாம். சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு அலுத்துப்போய்விட்டது. கட்டியை எடுத்தாயிற்று, ஓரம் சுத்தம், மருந்தும் ஏற்றியாயிற்று. ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்குக் கதிர்? கைக்குத் தெரியாமல் போனது என்று உன்னிடம் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன், கை தெரிந்து செய்ததற்கு இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போதும்.

அண்ணி


ஜூலை 11

அண்ணி,

குதித்தேன். குதித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பிழைப்பே அந்தக் கோடுகள்தான். மெஷினுக்கு உங்கள் முகம் தெரியாது, மார்பு தெரியாது, கோடுதான் தெரியும். கோடு ஒரு விரற்கடை தள்ளினால் கதிர் நுரையீரலிலும் இதயத்திலும் போய் விழும். அந்தப் பெண் கத்தியது உங்கள் மேல் உள்ள கோபத்தில் அல்ல, தான் போட்ட கோடு போச்சே என்கிற பதற்றத்தில். நானும் கத்தியிருப்பேன். எல்லோர் முன்னாலும் கத்தியது தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இத்தனை வருஷத்தில் கோட்டை அழித்துக்கொண்டு வந்தவர்களில், குறி தெரிந்தால் அசிங்கம் என்று அழித்தவர் நீங்கள் ஒருவர்தான். என் டிப்பார்ட்மெண்டில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்கு என்கிறீர்கள். ஓரம் அடிக்காமல் ஒரு துணியை நீங்கள் கடையை விட்டு வெளியே அனுப்புவீர்களா? "இப்ப நல்லாத்தான் இருக்கும், நாலு துவையல்ல நூல் நூலாப் பிரியும்" என்று வாடிக்கையாளரோடு சண்டை போடுகிறவர் நீங்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பை விட்டுவைத்தவர்களுக்குக் கதிர்தான் ஓரம் அடிக்கிற வேலை. இல்லாவிட்டால் அதே இடத்தில் திரும்ப வருகிற வாய்ப்பு பல மடங்கு. பாதியில் எழுந்து போனவர்களை நான் மறுபடி பார்த்திருக்கிறேன் அண்ணி. உங்களை அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

கை தெரியாமல் போனது என்று நான் அன்றைக்குச் சொன்னதற்கு வருகிறேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவைக் கடைசி வருஷம் நானும்தான் வந்து வந்து பார்த்தேன். தினமும் புற்று நோயாளிகளைப் பார்க்கிற என் கண்ணிலேயே படவில்லை. அது உங்கள் மேல் வந்த கோபம் இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கேட்டுவிட்டேன், இனி வீம்பு பிடிக்காதீர்கள்.

நான் ஏன் பரிசோதித்துக்கொள்ளவில்லை என்றால், பயம். மற்றவர்களைப் படுக்க வைக்கிற மேஜையில் நான் படுக்கப் பயம். கீழ் மாடி வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். ஒப்பந்தம் ஒன்று போடலாம். நீங்கள் திங்கட்கிழமை போய்க் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே திங்கட்கிழமை நான் கீழ் மாடிக்குப் போகிறேன். நீங்கள் போகாவிட்டால் நானும் போக மாட்டேன். என் அம்மாவின் ரத்தம் என்னிடம்தான் ஓடுகிறது, நீங்கள்தான் நினைவுபடுத்தினீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 14

நாத்தனாருக்கு,

அவசரமாக எழுதுகிறேன். மிரட்டலுக்கு மிரட்டல் சரியாகப் போயிற்று. போனேன். கோடு போட்டாயிற்று. இந்தத் தடவை உன் அண்ணன் குளியலறைக் கதவுக்கு வெளியே காவல் நிற்கிறார். நீ போனாயா? உண்மையை எழுது.

அண்ணி


ஜூலை 22

அண்ணிக்கு,

போனேன். படம் எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. அம்மாவிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை வர ஒரு மாதம் ஆகும். என்ன வந்தாலும் இனி வருஷா வருஷம் மேஜையில் படுக்கப் போகிறேன். படுத்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் தைரியமாக இருந்தது.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 29

நாத்தனாருக்கு,

நேற்றோடு கதிர் முடிந்தது. தோல் வெயிலில் கருகின மாதிரி சிவந்து கறுத்திருக்கிறது, ஆறிவிடும் என்கிறார்கள். கடைசி நாள் அந்தப் பெண், "கோட்டை நான் துடைச்சு விடட்டுமாம்மா?" என்று கேட்டாள். நானே துடைத்துக்கொள்கிறேன் என்றேன். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். உன் அண்ணன் வெளியே நின்று, "இப்ப தேய்க்கலாமா, கேட்டுக்கிட்டியா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மாத்திரையும் ஆரம்பித்துவிட்டேன். உன் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது என்று உன் அண்ணன் சொன்னார். தங்கையும் அண்ணனும் என் முதுகுக்குப் பின்னால் தினமும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

இதோடு வருகிற பொட்டலத்தில் குட்டிக்கு ஒரு கவுன் இருக்கிறது. அளவு நீ எடுத்தது என்பதால் நான் நம்பவில்லை, கூட்டியே வெட்டினேன். கையில் எடுத்ததும் இது ஏன் இவ்வளவு கனம் என்று கேட்பாய். கீழே உள் பக்கம் ஐந்து மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறேன், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. பக்கத் தையலிலும் உள்ளே துணி விட்டிருக்கிறேன். அவள் வளர வளர வருஷத்துக்கு ஒரு மடிப்புப் பிரித்துவிட்டால், நீளம் சரியாக இருக்கும். இப்படித் தைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், பார்க்க அழகு குறையும். பரவாயில்லை, போட்டுவிடு.

மடிப்பை நீ பிரிக்காதே. உங்கள் ஊரில் வேறு தையல்காரியிடமும் கொடுக்காதே. வருஷத்துக்கு ஒரு தடவை குட்டியைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. ஐந்து மடிப்பையும் நான்தான் பிரிப்பேன். பேச்சு கிடையாது என்ற சொல்லை நேற்றே நானே பிரித்துவிட்டேன், போன் செய்தால் எடுப்பேன்.

அண்ணி